பந்தியில் உட்காராதவர்

எங்கள் பக்கத்தில் யாரையாவது "சாப்ட்டீங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். "ஆச்சுங்க" என்றுதான் பதில் வரும். வயிறு முதுகோடு ஒட்டிக் கிடந்தாலும் ஆச்சுங்கதான். இரண்டாம் தரம் கேட்டால் "இப்பத்தாங்க" என்பார்கள். மூன்றாம் தரம் கையைப் பிடித்து இழுத்தால்தான் உண்மை வெளியே வரும், இலையும் விழும். கடத்தூர் சந்தைக்கு வருகிற வெளியூர் வியாபாரிகளுக்கு இந்தக் கணக்கு தெரியாது. முதல் ஆச்சுங்கவை நம்பிவிட்டு அவர்கள் மட்டும் டீ குடிப்பார்கள். எனக்கும் இந்த நாசூக்கு ஆகாது. நான் அங்கன்வாடியில் வேலை பார்க்கிறவள். பசித்தால் ஊரைக் கூட்டுகிற, நிறைந்தால் தட்டைத் தள்ளிவிடுகிற பிள்ளைகளோடு காலம் தள்ளுவதாலோ என்னவோ எனக்கு வாய் கொஞ்சம் நீளம். பசித்தால் பசிக்கிறது என்று சொல்லித் தொலைப்பதில் என்ன கௌரவம் குறைந்துவிடும்?

எங்கள் மாமாவோ மூன்றாம் தரத்துக்கும் மசியாதவர். என் வீட்டுக்காரருக்குத் தாய்மாமன். எனக்கும் மாமாதான். எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் ஒரு வேலி மட்டும். இரண்டு ஏக்கர் நிலம், கொஞ்சம் தென்னை, மழை ஏமாற்றாத வருடங்களில் மரவள்ளி. இதெல்லாம் அவர் பிழைப்பு. ஊருக்கு அவர் யார் என்றால் பந்தி விசாரிக்கிறவர்.

கல்யாணமோ காதுகுத்தோ, பந்தியை அவரிடம் ஒப்படைத்துவிட்டால் வீட்டுக்காரர்கள் நிம்மதியாக மொய் எழுதுகிற பக்கம் போய்விடலாம். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு இலைகளின் வரிசையோடு மெதுவாக நடப்பார். வாளி தூக்க மாட்டார், கரண்டி பிடிக்க மாட்டார். பார்ப்பதும் கேட்பதும்தான் அவர் வேலை. "ரசம் வந்துதுங்களா? அப்பளம் நமுத்துப் போச்சுங்களே, வேற கொண்டாரச் சொல்றேன். ஏம்மா, கொழந்தைக்கு நெய் ஊத்துனாங்களா?" சமையல் எப்படி இருந்தாலும் ஊர் திரும்புகிற பஸ்ஸில் பேச்சு ஒன்றுதான்: "சோறு சுமார்தான். ஆனா விசாரிப்பு இருக்குது பாரு!"

என் கல்யாணத்தில் என் சித்தப்பா, பத்திரிகையில் தன் பெயர் விட்டுப்போன கோபத்தில், மண்டபத்துக்கு எதிரில் இருந்த டீக்கடையில் போய் உட்கார்ந்துகொண்டார். அப்பா போய்க் கூப்பிட்டார், வரவில்லை. அம்மா போய் அழுதாள், வரவில்லை. மாமா போனார். பத்திரிகைப் பேச்சையே எடுக்கவில்லை. "அண்ணா, சாம்பார்ல உப்பு கொறச்சல்னு ஒருத்தர் சொல்றாரு, தூக்கல்னு ஒருத்தர் சொல்றாரு. உங்க நாக்க விட்டா எனக்கு ஆளு இல்ல. ஒரு வாய் பாத்துட்டு வந்துருங்க" என்றார். ஒரு வாய் பார்க்க வந்த சித்தப்பா பாயசத்தை மூன்று தரம் பார்த்துவிட்டுத்தான் எழுந்தார். நான் மணவறையில் உட்கார்ந்து சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தேன்.

இத்தனை பேரைத் தின்ன வைத்தவர் பந்தியில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. கடைசிப் பந்தியில் சமையல்காரரும் இலை எடுக்கிறவர்களும் சாப்பிட உட்காரும்போது அவர் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருப்பார். "மாமா, நீங்க?" என்றால் "ஆச்சும்மா." எங்கே ஆச்சு, எப்போது ஆச்சு என்று கேட்டால் சிரிப்பார். "பந்தில ஒக்காந்துட்டா எலதாம்மா தெரியும். நின்னாத்தான் மொகம் தெரியும்" என்று ஒருமுறை சொன்னார். அவர் வீட்டுக்காரி, எங்கள் அத்தையிடம் கேட்டால் வேறு கதை சொல்வாள். "ஊருக்கெல்லாம் எல போட்டுட்டு வூட்டுக்கு வந்து பழைய சோத்தக் கரைச்சுக் குடிக்கற மனுசன் கண்ணு. அதையும் நான் அந்தப் பக்கம் திரும்புனாத்தான் குடிப்பாரு." அத்தைக்கு அதில் கோபம் பாதி, பெருமை பாதி.

சர்க்கரை வந்தது காலில் தைத்த ஒரு வேலிமுள்ளால்தான் தெரிந்தது. புண் ஆறவே இல்லை. முதலில் மாத்திரை, சில வருடங்களில் ஊசி. அத்தை ஊசி போடக் கற்றுக்கொண்டாள். காலையில் ஊசி, உடனே களி, கூடவே கடைந்த கீரை. மாமா எதற்கும் மறுப்பு சொல்லவில்லை. ஆனால் கல்யாண வீட்டில் ஜாங்கிரித் தட்டை நீட்டினால் எடுத்து வாயில் போட்டுக்கொள்வார். நான் கண்ணை உருட்டினால், "சந்தோசமா நீட்டறவங்க கைய எப்பிடிம்மா தட்டறது?" என்பார். இனிப்பை மறுக்கத் தெரியாது, சோற்றைக் கேட்கத் தெரியாது. சர்க்கரை ஒரு நாள் வானத்தில், ஒரு நாள் பாதாளத்தில். இப்படியே எத்தனையோ வருடங்கள்.

முதல் கோளாறை நாங்கள் கோளாறு என்றே நினைக்கவில்லை. என் மகளின் சடங்கு. முதல் பந்தி முடிந்து, வாசலில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரின் சிநேகிதர்கள் மூன்று பேரிடம் மாமா போய், "ஏங்க நிக்கறீங்க? எல போட்டாச்சு வாங்க" என்றார். "ஆச்சுங்க மாமா" என்றார்கள் அவர்கள். ஆச்சுங்க என்றால் என்ன அர்த்தம் என்று மாமாவுக்குத் தெரியாதா? "இப்பத்தாங்க" என்றார்கள். அவர் கையைப் பிடித்து இழுத்துப் போய் உட்கார வைத்துவிட்டார். மாமா சொல்லை எப்படித் தட்டுவது என்று அந்த மூன்று தடிமாடுகளும் வெற்றிலையைத் துப்பிவிட்டு இன்னொரு முழுச் சாப்பாடு சாப்பிட்டார்கள். ஒருவர் சாயங்காலம் வரைக்கும் சோடா குடித்துக்கொண்டிருந்தார். நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

அதற்கப்புறம் பெயர்கள் போயின. போனது எங்களுக்குத் தெரியவில்லை. "வாங்க வாங்க, வூட்ல எல்லாரும் சௌக்கியங்களா? பிள்ளைங்க என்ன பண்றாங்க?" என்று ஆரம்பித்தால் பெயர் எதற்கு வேண்டும்? வந்தவன் யாரென்றே தெரியாமல் அரை மணி நேரம் பேசி, அவன் மனம் குளிர அனுப்பிவைக்க அவரால் முடிந்தது. எங்களுக்கு மட்டும் இல்லை, தினமும் பக்கத்தில் படுக்கிற அத்தைக்கே வெகுநாள் தெரியவில்லை.

ஒரு நாள் காலை அத்தை ஊசி போட்டு, தட்டில் களி வைத்துவிட்டுப் பால் சொசைட்டிக்குப் போனாள். திரும்பி வந்தபோது தட்டு கழுவிக் கவிழ்த்திருந்தது. "தின்னீங்களா?" "ஆச்சு புள்ள." அவ்வளவுதான். மாட்டைப் பிடித்துக்கொண்டு அத்தை காட்டுக்குப் போய்விட்டாள். மத்தியானம் மோர் வாங்கப் போன நான்தான் பார்த்தேன். மாட்டுக்கொட்டாய் ஓரம் சட்டையெல்லாம் வேர்வையில் ஊறி, வாய் கோணி, கண் மேலே சொருகிக் கிடந்தார். சர்க்கரை டப்பாவைத் தேடி எடுத்து அவர் கன்னத்துக்குள் விரலால் தேய்த்தேன். பாதி சட்டையில் கொட்டியது. ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினோம். பிழைத்தார். களி எங்கே போனது என்று மறுநாள் தெரிந்தது. வண்டியில் பிளாஸ்டிக் குடம் விற்க வந்த ஒருவரை உட்கார வைத்து, தன் தட்டைக் கொடுத்து, பக்கத்தில் நின்று விசாரித்திருக்கிறார். அந்த ஆள் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

தர்மபுரியில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். "இன்னைக்கு என்ன கிழமைங்க பெரியவரே?" என்று கேட்டார் டாக்டர். "உங்களுக்குத் தெரியாததுங்களா டாக்டர்!" என்றார் மாமா. "இது எந்த ஊரு?" "நல்ல ஊருங்க. மரியாதையான ஊரு." டாக்டர் சிரித்துவிட்டார். "வெளிய எத்தன பேரு ஒக்காந்திருக்காங்க. நீங்க சாப்ட்டீங்களா டாக்டர்?" என்று மாமா கேட்டதும் அந்த மனிதருக்கு முகமே மாறிப்போனது. காலையிலிருந்து யாரும் கேட்டிருக்க மாட்டார்கள் போல. ஆனால் அவர் கெட்டிக்காரர், பேச்சில் மயங்கி விடவில்லை. மூன்று பொருளின் பெயரைச் சொல்லி, கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிச் சொல்லச் சொன்னார். மாமா துண்டை மடித்துக்கொண்டே இருந்தார். ஒன்றுகூட வரவில்லை.

எங்களை மட்டும் தனியாக உட்கார வைத்துச் சொன்னார். பல வருடம் சர்க்கரை ஏறியும் இறங்கியும் ஆடினால் கண், கால் மாதிரி மூளையில் இருக்கிற சின்ன ரத்தக்குழாய்களும் கெடும். இப்படி ஒவ்வொரு தரம் அடியோடு இறங்கும்போதும் இருப்பதில் கொஞ்சம் போகும். "போனது திரும்பி வருங்களா?" என்று அத்தை கேட்டாள். "வராதும்மா" என்றார் டாக்டர். "ஊசி அளவக் கொறச்சுத் தர்றேன். சுகர் கொஞ்சம் கூட இருந்தாப் பரவால்ல, எறங்க மட்டும் விடாதீங்க. நேரத்துக்கு வயித்துக்குப் போகணும். அவரு தின்னேன்னு சொன்னா நம்பாதீங்க. கண்ணால பாக்கணும்." அத்தை தலையாட்டினாள். வருகிற வழியெல்லாம் அவர் கையை விடவே இல்லை.

பெங்களூரில் இருக்கிற மகன் வந்து கூட்டிப் போனான். நல்ல பையன், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே மாமா விருந்தாளியாகிவிட்டார். மருமகள் தட்டு வைத்தால் எழுந்து நின்று கும்பிட்டு "ஆச்சுங்கம்மா" என்பார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "நேரமாச்சுங்க, கடைசி பஸ் போயிரும்" என்று கதவருகில் நிற்பார். மாதம் முடிவதற்குள் திரும்பக் கொண்டுவந்து விட்டான். சொந்த வூட்டுக்கு வந்தால் சரியாகிவிடும் என்று அத்தை நம்பினாள். நானும்தான் நம்பித் தொலைத்தேன்.

வந்த அன்று அத்தை தண்ணீர் கொடுத்தாள். வாங்கிக் குடித்துவிட்டு, "ரொம்ப நன்றிங்க. நீங்க இந்த வூட்டுக்காரங்களா?" என்றார்.

நாற்பது வருடத்துக்கு மேல் 'புள்ள' என்று கூப்பிட்ட வாய். சண்டை வந்தால் வாடி போடி. இப்போது வாங்க போங்க. அத்தைக்குக் கிடைத்த அந்த மரியாதையைப் போல ஒரு கொடுமையை நான் கண்டதில்லை. அவள் யாரென்று தெரியாமல் போனதுகூடப் பரவாயில்லை. தெரியாத பெண்பிள்ளை வீட்டில், வீட்டுக்கார ஆண்பிள்ளை இல்லாத நேரத்தில், அவர் கை நனைப்பாரா? தட்டு வைத்தால் ஆச்சுங்க. கெஞ்சினால் இப்பத்தாங்க. ஊட்டப் போனால் கூசிச் சுருங்கி எழுந்து போய்விடுவார். பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பார்கள். அவருக்கு எல்லாம் பறந்துபோய் மரியாதை மட்டும் உட்கார்ந்திருந்தது. மனிதர் நாளுக்கு நாள் இளைத்தார். இரண்டு தரம் மயங்கி விழுந்தார். ஒவ்வொரு தரமும் டாக்டர் சொன்ன அந்தக் 'கொஞ்சம்' போனது. அந்த வருடம் முழுக்க எங்கள் கவலை ஒன்றே ஒன்றுதான். அவர் வயிற்றுக்குள் எப்படி நாலு வாய் சோறு அனுப்புவது?

எனக்கு ஒரு யோசனை வந்தது. பெரிய புத்திசாலி நான்! வாசலில் பாய் விரித்து, இலை போட்டு, என் வீட்டு ஆட்களையெல்லாம் உட்கார வைத்து, நடுவில் ஒரு இலையை அவருக்கு விட்டு, நானே பந்தி விசாரித்தேன். இலைகளைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. எங்களுக்கெல்லாம் உயிர் வந்தது. எழுந்து துண்டை இடுப்பில் கட்டினார். "நீ ஒக்காரும்மா, நான் பாத்துக்கறேன்" என்று என்னை அவருடைய இலையில் உட்கார வைத்துவிட்டு நடக்க ஆரம்பித்தார். "கொழம்பு வந்துதுங்களா? கூச்சப்படாம கேளுங்க." நாங்கள் கேட்டு வாங்கித் தின்றோம்.

பிறகு எதிர்வீட்டுப் பெரியவர் ஒருவர் தவறிப்போனார். கருமாதிச் சாப்பாட்டுக்கு அத்தை மாமாவையும் கூட்டிப் போனாள், தனியாக விட்டுவிட்டு வர முடியாதே. மாமா யாரும் சொல்லாமலே போய் இலைக்கு முன்னால் உட்கார்ந்தார். பரிமாறியதைக் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார். மோர் வரைக்கும் சாப்பிட்டார். நான் பக்கத்து இலையில் வாயைப் பிளந்துகொண்டிருந்தேன். அத்தை மெல்லச் சொன்னாள். "கருமாதிச் சோத்த மட்டும் வேணாம்னு சொல்ல மாட்டாரு கண்ணு. வேணாம்னா செத்தவங்க மனசு பசியோட போவும்னு அவங்கம்மா சொல்லி வளத்துச்சு." சொல்லிவிட்டு அவர் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை அங்கன்வாடிக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்தேன். அத்தை ஊசி போட்டு முடித்துத் தட்டு வைத்திருந்தாள். மாமா வழக்கம்போல நின்றுகொண்டு கும்பிட்டார். "ஆச்சுங்க."

"அப்பிடிச் சொல்லக் கூடாதுங்க. இது கருமாதி வூடுங்க" என்றாள் அத்தை.

"அடடா! யாருங்க தவறுனது?"

"எங்க வூட்டுக்காரருங்க."

"வாயக் கழுவுங்க அத்தே!" என்று கத்திவிட்டேன். அத்தை என்னைப் பார்க்கவே இல்லை. மாமா அவள் நெற்றியைப் பார்த்தார். எதுவும் கேட்கவில்லை, கேட்கிற ஆளா அவர்? ஆனால் உட்காரவும் இல்லை. அத்தைக்குப் புரிந்துவிட்டது. முந்தானையை எடுத்து நெற்றிப் பொட்டை அழுத்தித் துடைத்தாள். தாலியை ரவிக்கைக்குள் தள்ளினாள். மாமா தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார்.

நான் வெளியே வந்து வேலியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அத்தை பின்னாலேயே வந்து, "சும்மா இரு கண்ணு. வயித்துக்குப் போவுதுல்ல" என்றாள்.

அன்றிலிருந்து மூன்று வேளையும் இதுதான். ஒரு வேளைக்கு நடந்தது அடுத்த வேளைக்கு அவருக்கு ஞாபகம் இருக்காது. பொட்டைத் துடைப்பாள், தன் புருஷன் செத்துப்போனதைப் புருஷனிடமே சொல்வாள், அவர் சாப்பிட்டுப் படுத்ததும் மறுபடி பொட்டு வைத்துக்கொள்வாள். துடைத்துத் துடைத்து நெற்றியில் தோல் கறுத்துப்போனது. ஊர்ப் பெண்கள் முணுமுணுத்தார்கள், கட்டின புருஷன் கல்லுமாதிரி இருக்கும்போது என்ன பேச்சு என்று. கல்லு மாதிரியாம்! வந்து ஒரு வேளை ஊட்டிப் பார்க்கட்டுமே.

சாப்பிடும்போது அவர் துக்கம் விசாரிப்பார். அதிலும் அவர் கெட்டிதான். "எப்பிடிங்க தவறுனாரு?"

"சுகருங்க."

"அய்யோ பாவம். கடைசில நல்லா சாப்ட்டாருங்களா?"

"சாப்ட்டாருங்க. வேளாவேளைக்கு நாந்தாங்க போட்டேன்."

"அப்ப மனசத் தேத்திக்குங்க. பசியோட போவல இல்ல."

ஒருநாள் இதையெல்லாம் கேட்டுவிட்டு, களியைக் கையில் வைத்துக்கொண்டே அத்தையின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நீங்க ஒண்ணும் தின்ன மாதிரியே தெரியலீங்களே" என்றார். "தனியா இருக்கறீங்க. எங்க வூட்டுக்காரிய வேணா தொணைக்கு அனுப்பறேங்க. நல்ல மாதிரி அவ. பக்கத்துல ஒக்காந்து ஒரு வாய் தின்ன வச்சுருவா."

அத்தை "அனுப்புங்க" என்றாள். பிறகு சமையல்கட்டுக்குள் போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டாள். நான் பின்னால் போகவில்லை.

ஐப்பசி மழையில் நெஞ்சில் சளி கட்டி, ஒரு வாரம் படுத்து, மாமா போய்ச் சேர்ந்தார். கடைசி இரண்டு நாள் எதைச் சொல்லியும் சோற்றுக்கு வாய் திறக்கவில்லை. எடுத்துப் போகும்போது அத்தை அழவில்லை. "கண்ணுல ஒரு சொட்டு தண்ணி வருதா பாரு" என்று என் காதுபடவே ஒருத்தி சொன்னாள். அவளை நான் கேட்டு அனுப்பிய கேள்வியை இங்கே எழுத முடியாது.

பதினாறாம் நாள் கருமாதி. மகன் பெரிதாகவே செய்தான். பந்தி விசாரிக்க ஆள் இல்லாமல் ஒரு பக்கம் சாம்பார் இரண்டு தரம் போனது, இன்னொரு பக்கம் சோறே போகவில்லை. அத்தையை ஒரு மூலையில் உட்கார வைத்து இலை போட்டோம். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. சோற்றைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"கருமாதிச் சோத்த வேணாம்னு சொல்லக் கூடாது அத்தே. ஒரு வாய் தின்னுங்க" என்றேன்.

அத்தை இலையைப் பார்த்தாள். "ஒரு வருசமா மூணு வேளையும் இந்தச் சோத்தத்தான் ஆக்குனேன் கண்ணு" என்றாள். "அப்ப திங்கறதுக்கு அவரு இருந்தாரு."